டோரதிக்கு நோயின் பெயர் கிடைத்த அந்த இரண்டு எபிசோடுகள்: ஒரு கேள்வி

எழுதியவர்: தாழ்வாரம்

வணக்கம். சில வாரங்களாக 'த கோல்டன் கேர்ள்ஸ்' தொடரை முதல் பருவத்திலிருந்து வரிசையாகப் பார்த்துவருகிறேன். மயாமியில் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு வாழும் நான்கு பெண்களின் கதை என்பதால், சமையலறை மேசையையும் நள்ளிரவு சீஸ்கேக்கையும் சுற்றிவரும் எளிய சிரிப்புத் தொடர் என்றே இதை எண்ணியிருந்தேன். ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில், 1989 செப்டம்பர் 23, 30 ஆகிய நாட்களில் இரண்டு பாகங்களாக ஒளிபரப்பான 'சிக் அண்ட் டயர்டு' அந்த எண்ணத்தைக் குலைத்துவிட்டது. அதைப் பற்றி எனக்குள் ஒரு குழப்பம் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நால்வரில் ஒருவரான, விடுப்பில் செல்லும் ஆசிரியர்களுக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் டோரதிக்கு, ஃப்ளூ காய்ச்சல் போலத் தொடங்கிய ஒரு சோர்வு மாதக்கணக்கில் விலகாமல் நிற்கிறது. மயாமியில் அவரைப் பார்க்கும் மருத்துவர், பரிசோதனைகளில் எதுவும் இல்லை என்று கைவிரிக்கிறார். வீட்டுத்தோழி ரோஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நியூயார்க் வரை சென்று டாக்டர் பட் என்ற பெயர்பெற்ற நரம்பியல் நிபுணரைப் பார்த்தால், அவர் வயதாகிறது என்ற பொருள்படப் பேசி, முடிதிருத்தகத்துக்குப் போய்வரச் சொல்லும் அளவுக்கு விஷயத்தை இலேசாக்கிவிடுகிறார். கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தை மருத்துவர் ஹாரி வெஸ்டன்தான் டோரதி சொல்வதை நம்பி, டாக்டர் சாங் என்பவரிடம் அனுப்புகிறார். அது 'நாள்பட்ட சோர்வு நோய்க்குறி' என்று சாங் சொல்கிறார். அதற்கு மருந்து இல்லை. அப்படியிருந்தும் டோரதி மகிழ்ச்சியில் துள்ளுகிறார். நான்கு பேரும் உணவகத்துக்குப் போய்க் கொண்டாடுகிறார்கள். அதே உணவகத்தில் டாக்டர் பட் தம் மனைவியுடன் உட்கார்ந்திருக்க, டோரதி அவர் மேசைக்கே சென்று, நோயும் பயமுமாக வந்தவளை நீங்கள் எப்படி அனுப்பிவைத்தீர்கள் என்று நெஞ்சு நடுங்கக் கேட்டுவிட்டு வருகிறார்.

என் சிக்கல் இதுதான். தீராத நோய் ஒன்று உறுதியான நாளை ஒருவர் கொண்டாடுவது எனக்கு விளங்கவில்லை. நியூயார்க் மருத்துவர் சரியாக அன்றைக்கு மயாமி உணவகத்தில் வந்து உட்கார்ந்திருப்பதும் எழுத்தாளரின் சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. இவை இரண்டையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்தடுத்த எபிசோடுகளில் டோரதி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியாடுகிறார், காதலிக்கிறார், நடனமாடுகிறார். மருந்தே இல்லாத நோய் எங்கே போயிற்று? ஒரு மருத்துவரைத் திட்டுவதற்காக மட்டும் ஒரு நோயைக் கடன் வாங்கினார்களா? நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

எழுதியவர்: பழைய கேசட்

கடன் வாங்கவில்லை, சொந்த நோய்தான் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இந்த இரண்டு பாகங்களையும் எழுதியவர் தொடரின் படைப்பாளியான சூசன் ஹாரிஸ். தொடரை உருவாக்கியவர் என்றாலும் எல்லா வாரமும் அவர் எழுதவில்லை. தனியே ஓர் எழுத்தாளர் குழு இருந்தது. அப்படியிருக்க இந்தக் கதையை மட்டும் அவரே உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம், அவரும் நீண்ட காலம் விளக்கமில்லாத சோர்வால் வாடி, மருத்துவர்கள் பலரிடம் போய், உங்களுக்கு ஒன்றுமில்லை என்ற பதிலையே கேட்டுத் திரும்பியவர் என்பதுதான். பிற்பாடு அவருடைய கோளாறு அட்ரினல் சுரப்பி தொடர்பானது என்று தெரியவந்தது. ஆகவே டோரதிக்கு எழுத்தாளர் கொடுத்த நோயின் பெயர் வேறாக முடிந்தாலும், மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்து தாழ்வாரத்தில் நிற்கும் அந்த நிமிடம் அவருடைய சொந்த அனுபவமே. இது தம்மை நம்பாதவர்களுக்கு எழுதிய பதில் என்பதை அவர் மறைத்ததும் இல்லை.

இந்த எழுத்தாளரும் இந்த நடிகையும் முன்பே ஒருமுறை இப்படிக் கைகோத்திருக்கிறார்கள். டோரதியாக வரும் பீ ஆர்தர், 1970-களில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'மோட்' தொடரில் தலைமைப் பாத்திரமாக நடித்தவர். அந்தத் தொடரில் நாற்பத்தேழு வயதில் கருவுற்ற நாயகி கருக்கலைப்பு செய்துகொள்வதா வேண்டாமா என்று தடுமாறும் இரண்டு பாகக் கதை 1972 நவம்பரில் வெளிவந்தது. கருக்கலைப்பு உரிமை குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1973 ஜனவரியில். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நகைச்சுவைத் தொடர் அதைப் பேசிவிட்டது. அதை எழுதியவரும் சூசன் ஹாரிஸ்தான். நால்வரில் மற்றொருவரான பிளாஞ்சாக வரும் ரூ மெக்லனஹனும் 'மோட்' தொடரில் தோழியாக நடித்தவர். ஆகவே 1989-இல் அந்த உணவகத்தில் பீ ஆர்தர் எழுந்து நிற்கும்போது, தம் குரல் எந்தச் சொற்றொடரில் ஏறும், எங்கே உடையும் என்பதைப் பதினேழு ஆண்டுகளாக அறிந்த ஒருவர் எழுதிய வசனத்தைத்தான் பேசுகிறார். நெடிய உருவமும் ஆழ்ந்த குரலும் கொண்ட அவர் வழக்கமாக ஒரு பார்வையாலேயே சிரிப்பை வரவழைத்துவிடுவார். அதே பார்வையை இங்கே சிரிப்புக்கு இடம் கொடுக்காமல் பயன்படுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள்.

உணவகச் சந்திப்பு நம்பும்படி இல்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அது சோம்பேறித்தனம் என்பதில் உடன்பாடில்லை. இத்தகைய தொடர்கள் அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுக்கப்பட்டவை. சினிமாவைவிட மேடை நாடகத்துக்குத்தான் அவை நெருங்கிய உறவு. நாடகத்தில் எதிரி நான்காம் காட்சியில் எதிரே வந்தாக வேண்டும், எப்படி வந்தார் என்று யாரும் பயணச்சீட்டைக் கேட்பதில்லை. இந்தச் சந்திப்பு வாழ்க்கையில் நடக்காது என்பதுதான் அதை எழுதியதற்கே காரணம் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் சொல்ல நினைத்த பதில் வீட்டுக்கு வந்து படுக்கையில் புரளும்போதுதான் நமக்கெல்லாம் நாக்கில் வரும். அதைச் சொல்ல ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தால் எப்படியிருக்கும் என்பதை ஹாரிஸ் எழுதிப்பார்த்திருக்கிறார்.

பட் பேச்சைத் தட்டிக்கழித்து எழப் பார்க்கும்போது டோரதி அவரை உட்காரச் சொல்கிறார். உங்களுக்காக நான் போதுமான நேரம் உட்கார்ந்தாயிற்று, இப்போது நீங்கள் உட்காருங்கள் என்பது அதன் கருத்து. காத்திருப்பு அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்த ஒருவரால்தான் இந்த வரியை எழுத முடியும்.

எழுதியவர்: கடைசி இருக்கை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிறிது மறுத்துப் பேச அனுமதி கேட்கிறேன். முதன்முறை இந்த எபிசோடைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பட் என்ற பாத்திரத்தை எழுத்தாளர் மரத்தில் செய்துவைத்திருக்கிறார். 1989-இல் ஒரு நரம்பியல் நிபுணரின் முன் சோர்வு, தொண்டை வலி, தசைவலி, சொற்கள் தடுமாறுதல் என்ற குறைகளோடு ஒருவர் வந்து, எல்லாச் சோதனைகளும் சரியாக இருக்குமானால், அவர் எழுதிக் கொடுப்பதற்கு உண்மையிலேயே எதுவும் இருந்திருக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூட்டிய வல்லுநர்கள் அந்த நோய்க்குறிக்கு அந்தப் பெயரை வைத்து இலக்கணம் வகுத்ததே 1988-இல்தான். ஆறு மாதத்துக்குக் குறையாத சோர்வு, அன்றாட நடமாட்டம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருத்தல், வேறு நோய்கள் இல்லையென்று உறுதிசெய்தல் என்று நீளும் அந்த இலக்கணம் ஒரு மருத்துவ இதழில் வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அதைப் படிக்காத மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர்.

ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது ஒன்று உறைத்தது. டோரதியின் குற்றச்சாட்டு, நீங்கள் என் நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்பது அல்லவே அல்ல. உங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, அதைச் சொல்லாமல் என்னைப் பைத்தியக்காரி போல உணரவைத்தீர்களே என்பதுதான். இந்த வேறுபாட்டை எழுத்தாளர் மிக நுட்பமாகப் பிடித்திருக்கிறார். எங்கள் தொழிலில் 'தெரியவில்லை' என்ற சொல் வாயில் வருவது எவ்வளவு கடினம் என்பதை வெளியில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள். நோயாளியின் நம்பிக்கை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம், வெளியே காத்திருக்கும் வரிசை மறுபுறம், இவற்றுக்கெல்லாம் மேலாக நமக்குத் தெரியாதது இருக்க முடியாது என்ற மிதப்பு. நானும் அந்தச் சொல்லை விழுங்கிய நாட்கள் உண்டு.

எழுத்தாளர் மருத்துவர்களை ஒட்டுமொத்தமாகச் சாடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஹாரி வெஸ்டன் குழந்தை மருத்துவர்; டோரதியின் நோய் அவர் துறையே அல்ல. அவர் நோயைக் கண்டுபிடிக்கவும் இல்லை. காதுகொடுத்துக் கேட்டு, தெரிந்தவரிடம் அனுப்பினார், அவ்வளவுதான். நோய்க்கு நேராகத் தொடர்புள்ள நிபுணர் கைவிட்ட இடத்தில், தொடர்பில்லாதவர் கைகொடுக்கிறார். இதற்கு ஒரு வணிகக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன்: அந்த ஹாரி, என்பிசியில் 1988-இல் தொடங்கிய 'எம்டி நெஸ்ட்' என்ற துணைத்தொடரின் நாயகர். அதையும் உருவாக்கியவர் சூசன் ஹாரிஸ் என்பதால், ஹாரியாக நடித்த ரிச்சர்ட் மல்லிகனை இந்த வீட்டுக்கு அழைத்துவருவது எளிதாக இருந்திருக்கும். விளம்பரமாகவும் ஆயிற்று, கதைக்கும் உதவிற்று.

எழுதியவர்: இரவுப்பணி

தீராத நோயை ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். என் அக்காவுக்கு இந்த நோய் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாகிறது.

முதல் நான்கு ஆண்டுகள் அதற்குப் பெயர் இல்லை. அக்காவும் ஆசிரியைதான் என்பதால் டோரதி வகுப்புக்குப் போக முடியாமல் தவிப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு மருத்துவர் இரத்தசோகை என்றார். இன்னொருவர் வேலைக்குப் போகப் பிடிக்காமல் உடம்பு நாடகமாடுகிறது என்று என்னிடமே, அக்கா உடன் இருக்கும்போதே சொன்னார். உறவினர்கள் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள்: நாலு வீட்டுக்குப் போய்வந்தால் சரியாகிவிடும், கோயிலுக்குப் போ, நடைப்பயிற்சி செய். அக்கா நடைப்பயிற்சி செய்தார். ஒரு வாரம் விடாப்பிடியாக நடந்துவிட்டு அதன்பின் ஒன்றரை மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. உழைப்புக்குப் பிறகு, சில நேரம் ஒரு நாள் கழித்துக்கூட, உடல் இப்படிச் சரிந்துபோவதுதான் இந்த நோயின் தனி அடையாளம் என்பதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்தோம். ஓய்வெடுத்தால் தீரும் களைப்பும் இதுவும் வேறு வேறு. தமிழில் 'சோர்வு' என்று எழுதும்போதும் ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சொல்லும்போதும் கேட்பவர் மனத்தில் எழுவது வார இறுதியில் நமக்கெல்லாம் வரும் களைப்புத்தான். நோயாளிகளில் பலர் அந்தப் பெயரையே வெறுப்பதற்கு அதுவே காரணம்.

நம்பாமைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1955-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர்கள் பெரும் எண்ணிக்கையில் ஒரே மாதிரி நோயுற்றனர். அதையொட்டி அடுத்த ஆண்டிலேயே மருத்துவர்கள் அதற்கு ஒரு நரம்பியல் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளில் ஒருவரைக்கூட நேரில் சோதிக்காமல் பழைய ஆவணங்களைப் புரட்டி, பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே மிகுதி என்பதையும் ஒரு சான்றாகக் கொண்டு, இது கூட்டு மனப்பிறழ்வு என்று எழுதினார்கள். 1980-களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இன்க்லைன் வில்லேஜ் என்ற ஏரிக்கரை ஊரில் இதுபோலப் பலர் நோயுற்றபோது, பத்திரிகைகள் இதற்குக் கேலியாக 'யப்பி ஃப்ளூ' என்று பெயர் வைத்தன. வசதியான இளம் தொழில்முறையாளர்களின் சொகுசு நோய் என்பது அதன் உட்பொருள். டோரதி நோயுற்ற காலம் சரியாக இதுதான். அவர் இளம் வயதினரும் அல்லர், வசதியானவரும் அல்லர், வாடகை கொடுத்து ஓர் அறையில் வாழும் ஆசிரியை. அந்தக் கேலிப்பெயருக்கு இதைவிட நல்ல மறுமொழி இருக்க முடியாது.

அந்த உணவகப் பேச்சில் டோரதி சொல்லும் இன்னொன்றையும் யாரும் இங்கே குறிப்பிடவில்லை. நான் ஆணாக இருந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக மதித்திருப்பீர்கள், முடிதிருத்தகத்துக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய, கணவனைப் பிரிந்த, தாயுடன் வாழும் ஒரு பெண் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், அவருடைய வாழ்க்கையே நோய்க்கு விளக்கமாகிவிடுகிறது. அதற்குமேல் இரத்தத்தைச் சோதிக்க எவருக்கும் கை எழுவதில்லை.

அக்காவுக்குப் பெயர் கிடைத்த நாளில் நாங்கள் உணவகத்துக்குப் போகவில்லை, அவரால் படியிறங்க முடியாது. ஆனால் மருத்துவரின் கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்துவிட்டு, "நான் பொய் சொல்லலேன்னு எழுதியிருக்கு" என்றார். கடிதத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. டோரதியின் மகிழ்ச்சி எனக்கு விளங்கியது அதனால்தான்.

எழுதியவர்: தாழ்வாரம்

மூவருக்கும் நன்றி. இரவுப்பணி அவர்களே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் கேள்வியின் முதல் பகுதியை எழுதியதற்காக வெட்கப்பட்டேன். உங்கள் அக்கா நலம்பெற வேண்டுகிறேன். இப்போதாவது இந்த நோய்க்கு உறுதியான சோதனை ஏதேனும் வந்திருக்கிறதா?

என் கடைசிக் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. இவ்வளவு உண்மையாக எழுதிவிட்டு, அடுத்த வாரமே அந்த நோயைக் கைகழுவியது ஏன்? உண்மையான நோயாளிகள் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்திருப்பார்களே; டோரதி இந்த வாரம் எப்படி இருக்கிறார் என்று பார்த்திருப்பார்களே.

எழுதியவர்: இரவுப்பணி

சோதனை இன்றும் இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு, மற்ற நோய்களை விலக்கித்தான் முடிவுக்கு வருகிறார்கள். அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, அந்த நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயுடன் வாழ்வதாகவும், அவர்களில் 84 முதல் 91 விழுக்காட்டினருக்கு நோய் இன்னும் கண்டறியப்படவில்லை என்றும் மதிப்பிட்டது. இது உடல்நோய், மனத்தின் கற்பனை அன்று என்று அழுத்தமாகச் சொன்ன அறிக்கை அது. டோரதி உணவகத்தில் பேசி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு! உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதை இங்கிலாந்தின் வழிகாட்டும் அமைப்பு 2021-இல்தான் கைவிட்டது. என் அக்காவின் நடைப்பயிற்சி நினைவுக்கு வருகிறது. கோவிட்டுக்குப் பிறகு இதே போன்ற குறைகளோடு பலர் வரத் தொடங்கியபின் மருத்துவர்கள் முகத்தில் சற்று மாற்றம் தெரிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதியவர்: பழைய கேசட்

மறதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். அது இந்த ஒரு நோய்க்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதற்கு முந்தைய பருவத்தில் ரோஸ் வலி மாத்திரைகளுக்குப் பல்லாண்டுகளாக அடிமைப்பட்டிருந்தது தெரியவரும் ஓர் எபிசோட் உண்டு. அதுவும் அந்த அரைமணி நேரத்தோடு போயிற்று. 1990 பிப்ரவரியில் வந்த '72 ஹவர்ஸ்' எபிசோடில், முன்பு அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய இரத்தத்தால் எச்ஐவி தொற்று வந்திருக்கலாம் என்று ரோஸுக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வருகிறது. மூன்று நாட்கள் அவர் முடிவுக்காகத் தவிக்கிறார். நான் நல்லவளாயிற்றே, எனக்கு ஏன் என்று அவர் பொருமும்போது, அது கெட்டவர்களுக்கு வரும் நோயல்ல என்று பிளாஞ்ச் சொல்லும் இடம், அந்தக் காலத்து அமெரிக்காவில் துணிச்சலானது. அதன் சுவடும் அடுத்த வாரம் இல்லை.

அன்றைய நகைச்சுவைத் தொடர்களின் வருமானம் முதல் ஒளிபரப்போடு முடிவதில்லை. நூறு எபிசோடுகள் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பாக விற்பார்கள். அந்த நிலையங்கள் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு எபிசோடும், எங்கிருந்து எடுத்துப் பார்த்தாலும் விளங்கும்படி, வீடு தொடக்கத்தில் இருந்த நிலைக்கே இறுதியில் திரும்பிவிட வேண்டும். டோரதியை நிரந்தரமாகப் படுக்கவைத்தால் அதன்பின் வரும் எழுபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளை எப்படி எழுதுவது? முதல் எபிசோடில் அந்த வீட்டில் கோகோ என்று ஒரு சமையல்காரர் இருந்தார். இரண்டாம் வாரமே காணாமல் போனார், யாரும் தேடவில்லை. நோய் எம்மாத்திரம்?

ஆயினும் உங்கள் குறை நியாயமானது. ஒரு காட்சியில் மாத்திரை டப்பியை மேசைமேல் வைத்திருக்கலாம், இன்று முடியவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று ஒரு வரி சொல்லவைத்திருக்கலாம். நாடகமே குலைந்திருக்காது. நோயாளிகளின் பக்கம் நின்று எழுதிய ஒருவர் இதைச் செய்யத் தவறியதை நானும் ஒரு குறையாகத்தான் வைத்திருக்கிறேன்.

எழுதியவர்: மஞ்சள் ஓடு

எல்லோரும் டோரதியைப் பற்றியே பேசுகிறீர்கள். அதே எபிசோடில் பிளாஞ்ச் என்ன செய்கிறார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் திடீரென்று தாம் ஒரு நாவலாசிரியை என்று முடிவுகட்டி, நாள்கணக்கில் தூங்காமல் எழுதி, கண்கள் செருகி, பேச்சுக் குழறி, வீட்டுக்குள் தள்ளாடிக்கொண்டு வருகிறார். ரூ மெக்லனஹனின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சிகளில் அதுவும் ஒன்று. முதலில் இது அழுகைக்கு இடையே சிரிப்பு வேண்டுமே என்பதற்காக ஒட்டிய துணைக்கதை என்றே எண்ணினேன். பிறகுதான் கவனித்தேன்: ஒரே வீட்டில் களைத்துப்போன இரண்டு பெண்கள். ஒருத்தியின் களைப்புக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், எனவே சிரிக்கலாம், தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். மற்றொருத்தியின் களைப்புக்குக் காரணம் இல்லை, தூங்கினாலும் தீராது. பிளாஞ்சைப் பார்த்து நாம் சிரிக்கும்போதே, பட் எந்தக் களைப்பைப் பார்த்துவிட்டு எந்தக் களைப்பு என்று நினைத்தார் என்பதை எழுத்தாளர் நமக்குக் காட்டிவிடுகிறார். தலைப்பும் அப்படித்தான், ஆங்கிலத்தில் அது 'போதும் போதும் என்றாகிவிட்டது' என்னும் வழக்கு, தனித்தனியே பிரித்தால் நோயும் களைப்பும்.

டோரதியின் தாய் சோஃபியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்பதைத் தாண்டிய தாய் நடமாடிக்கொண்டிருக்க, மகள் படுத்திருக்கும் வீடு அது. தாயாக நடித்த எஸ்டெல் கெட்டி 1923-இல் பிறந்தவர், மகளாக நடித்த பீ ஆர்தர் 1922-இல். அதாவது மகளைவிடத் தாய் ஒரு வயது இளையவர். வெள்ளைப் பொய்முடியும் ஒப்பனையும் வைத்துக் கிழவியாக்கிய அவர், வாய் ஓயாமல் மகளைக் குத்திக்காட்டும் தம் வழக்கத்தை இந்தக் கதையில் எங்கெங்கே நிறுத்திவைக்கிறார் என்பதை மட்டும் மறுமுறை பார்க்கும்போது எண்ணிக்கொண்டே வாருங்கள்.

எழுதியவர்: கடைசி இருக்கை

மஞ்சள் ஓடு சொன்னதைப் படித்துவிட்டு நேற்றிரவு இரண்டாம் பாகத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். என் மனைவியும் உடன் இருந்தார். பட்டின் மனைவியை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். டோரதி பேசும்போது அந்த அம்மாள் இடையே எதுவும் சொல்வதில்லை. பேசி முடித்து டோரதி திரும்பியபின், பட் தம் மனைவியிடம் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுக்க, அவர் கணவரைப் பெயர்சொல்லி வாயை மூடச் சொல்கிறார். ஒரே வரிதான்.

என் மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "அந்தம்மா எவ்வளவு வருஷமா இதைச் சொல்லணும்னு காத்திருந்தாங்களோ" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.